சிவப்பு மையும் பொன்னாடையும்

“இன்றைய இளைஞர் எழுதுவதில்லை, வாசிப்பதுமில்லை.” கொழும்பில் நடைபெறும் நூல் வெளியீட்டு விழா எதற்குச் சென்றாலும் இந்த ஒப்பாரியைக் கேளாமல் வீடு திரும்ப இயலாது. தலைமையுரையில் ஒருமுறை, வாழ்த்துரையில் ஒருமுறை, ஏற்புரையில் ஒருமுறை என மும்முறை அது ஒலிக்கும். சபையோர் நரைத்த தலைகளை அசைத்து ஆமோதிப்பர். பின்னர் தேநீர் பரிமாறப்படும்.

இது பொய். தெரிந்தே சொல்லப்படும் பொய்யென்று நான் கூறவில்லை, ஆயினும் பொய். இளைஞர் எழுதத்தான் செய்கின்றனர். எழுதத் தொடங்கும் கையை முதலில் தட்டிவிடுபவர் யார், பின்னர் அதே கையைப் பற்றித் தவறான வழியில் இழுத்துச் செல்பவர் யார் என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். முதற் குற்றவாளி ஆசிரியரின் சிவப்பு மை. இரண்டாம் குற்றவாளி விழா மண்டபத்தின் பொன்னாடை. முதலாவதைப்பற்றிப் பேசும் தகுதி எனக்கு உண்டு. அக்குற்றத்தை நானே செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் தரத்து மாணவருக்கு ‘என் தாய்’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தேன். கொட்டாஞ்சேனைப் பக்கத்து மாணவன் ஒருவன் ஒன்றரைப் பக்கம் எழுதிவந்தான். மலையகத்திலிருந்து வந்து புடைவைக்கடை ஒன்றில் வேலைசெய்யும் அவனுடைய தாய், இரவு வீடு திரும்பியதும் கூறும் வார்த்தைகளை அப்படியே எழுதியிருந்தான்: “காலு ரெண்டும் கல்லாப் போச்சுடா. செத்த ஒக்காந்தா மொதலாளி பாத்துருவாரு.” நான் என்ன செய்தேன்? பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவனல்லவா? வழூஉச் சொற்களை வட்டமிட்டேன். “எனது பாதங்கள் இரண்டும் கற்களைப் போலாயின” என்று திருத்தினேன். ‘பேச்சுவழக்கைத் தவிர்க்க’ என்று ஓரத்திற் குறித்து, இருபதுக்கு எட்டுப் புள்ளி வழங்கினேன். அடுத்த தவணையில் அவன் எழுதிய கட்டுரையிற் பிழை ஒன்றுகூட இல்லை. தனியார் வகுப்பிற் கொடுத்த குறிப்பை மனனஞ் செய்து எழுதியிருந்தான். அதில் தாய்மையின் பெருமை இருந்தது, தாய் இல்லை.

நான் அழித்த அந்த இரண்டு வாக்கியங்களில் ஒரு தொழிலாளியின் முழுநாளும் இருந்தது. கூலிக்கும் அச்சத்துக்கும் உள்ள உறவு இருந்தது. இலக்கணம் பிழைத்தது என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாட்டு. இந்தத் தமிழ் எழுத்தில் ஏறத் தகுதியற்றது, இதைப் பேசுவோர் எழுத்துக்கு உரியவரல்லர் என்ற எண்ணமே அடிமனத்தில் இருந்தது.

*

இந்த எண்ணம் நான் கண்டுபிடித்ததன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு. இதை எதிர்த்த போராட்டத்துக்கும் வரலாறு உண்டு.

1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அதுவரை எழுதுகோலைத் தொட அனுமதிக்கப்படாத சமூகங்களிலிருந்து இளைஞர் பலர் அதைச் சூழ்ந்து எழுத முன்வந்தனர். தம்மைச் சுற்றியிருந்த உழைப்பாளர் எவ்வாறு பேசினரோ அவ்வாறே கதைமாந்தரைப் பேசவைத்தனர். பண்டிதர் உலகம் கொதித்தெழுந்தது. ‘இழிசனர் இலக்கியம்’ என்று அதற்குப் பெயர் சூட்டிற்று. 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை நமது வாசகர் அறிவர். பண்டிதர் தமது கையிலிருந்த சிவப்பு மையை ஒரு தலைமுறையின்மீதே ஊற்றினர்.

அத்தலைமுறை அஞ்சவில்லை. டொமினிக் ஜீவாவை எண்ணிப் பாருங்கள். 1927இற் பிறந்தவர்; வகுப்பறையிலே சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டு ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர்; யாழ்ப்பாணத்திற் சிகை திருத்தும் தொழில் செய்தவர். தோழர் ப. ஜீவானந்தத்தின் பெயரிலிருந்து ‘ஜீவா’ என்பதைத் தமதாக்கிக்கொண்டார். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். சலூனே காரியாலயம், ஆசிரியரே விநியோகஸ்தர். இதழ்களைக் கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றார். போர் துரத்தியபோது கொழும்புக்கு வந்து, கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து அதனைத் தொடர்ந்து நடத்தினார். 2012 வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், ஏறத்தாழ நானூறு இதழ்கள். 2021 ஜனவரியில் இந்நகரிலேயே அவர் காலமானார். கொட்டாஞ்சேனை மாணவர்கள் நாளும் நடந்து திரியும் தெருக்கள் இவை. அவர்களுள் எத்தனை பேருக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

கே. டானியல் பட்டறைத் தொழில் செய்தவர். தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தில் நின்று பெற்ற அனுபவத்திலிருந்து ‘பஞ்சமர்’ நாவலை 1972இல் வெளியிட்டார். மலையகத்திலோ, வீரகேசரியின் தோட்ட மஞ்சரிப் பகுதியைப் பொறுப்பேற்ற எஸ். எம். கார்மேகம் தோட்டத்து இளைஞருக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டார். சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசுபெற்ற கதைகள் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுதியாயின. 1959இல் தினகரன் ஆசிரியராக வந்த க. கைலாசபதி அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். முன்பின் அறியாத பெயர்களுக்கு அவர் இடமளித்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? இவர்களை எழுத்தாளராக்கியவை மூன்று: தம் வாழ்க்கையே எழுதத் தக்கது என்ற துணிவு; கதவைத் திறந்துவிட்ட ஒரு பத்திரிகை; கூடியிருந்து வாதிட்ட தோழர் கூட்டம். ‘கருவிலே திருவுடையார்’ என்று ஒரு வகையினர் உண்டென்றும், எழுத்து அவர்க்கே கைவருமென்றும் கூறுவோர் இம்மூன்றையும் மறைக்கின்றனர். எழுத்தைப் பிறப்போடு கட்டுவது சாதியைப் பிறப்போடு கட்டுவதன் மறுபக்கம். ருஷ்ய நாட்டில் ரொட்டி சுடும் கிடங்கில் வேலைசெய்த மாக்ஸிம் கார்க்கி, பின்னாளில் முன்பின் தெரியாத தொழிலாளரின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, திருத்தி, 1914இல் தொழிலாளி எழுத்தாளரின் தொகுதியொன்றை வெளிக்கொணர்ந்தார். தான் ஏறிவந்த ஏணியை அவர் எட்டி உதைக்கவில்லை.

*

இனி, பொன்னாடைக்கு வருவோம்.

சிவப்பு மையிலிருந்து எப்படியோ தப்பிய இளைஞன் இருபது கவிதைகள் எழுதிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். “தம்பி, புத்தகம் போடும்” என்று நாலு பேர் சொல்கின்றனர். அவன் கடன் வாங்கி முந்நூறு பிரதி அச்சிடுகிறான். ஓரெழுத்தேனும் திருத்திக் கொடுப்பார் இல்லை, அச்சுப்பிழை பார்ப்பாருமில்லை. வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். மங்கல விளக்கு. முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் பெற்றுக்கொள்கிறார்; கடித உறை கைமாறுகிறது. நூலை முதல்நாள் இரவு புரட்டிய ஒருவர் ஆய்வுரை நிகழ்த்துகிறார்: “பாரதிக்குப் பின் இவரே.” பொன்னாடை போர்த்தப்படுகிறது. புகைப்படம் பத்திரிகைக்குப் போகிறது. விற்றது எண்பது; எஞ்சியது கட்டிலின் கீழ்.

அடுத்த ஆண்டு அவன் எழுதுகிறானா? பெரும்பாலும் இல்லை. பாரதிக்குப் பின் தானே என்று அறிந்தவனுக்கு இனிக் கற்க என்ன இருக்கிறது? ஒருவன் கற்கத் தொடங்கும் நாளிலேயே அவனுக்குப் பட்டமளித்து வீட்டுக்கு அனுப்பும் இந்தச் சடங்கு, கழுத்தை நெரிக்கும் கைக்குப் பட்டுறை அணிவிப்பது போன்றது. சிவப்பு மை ஏழைப் பிள்ளையை வெளியே தள்ளுகிறது. பொன்னாடை உள்ளே வந்தவனைத் தூங்க வைக்கிறது. விமர்சனம் இல்லாத இடத்தில் இலக்கியம் வளர்வதில்லை.

நம் அணியினருக்கும் ஒரு சொல். கொள்கை சரியென்றால் கதையும் சரியென்று முதுகில் தட்டிக்கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கடைசிப் பத்தியிற் செங்கொடி ஏறினால், முன்னுள்ள பத்துப் பக்கங்களிலும் உயிருள்ள மனிதர் ஒருவரும் இல்லாவிடினும் நாம் பாராட்டுகிறோம். இதுவும் பொன்னாடைதான், நிறம் மட்டுமே வேறு. உழைப்பாளியை நேசிப்பவன் அவனைப்பற்றி மோசமாக எழுதமாட்டான்.

*

எழுத விரும்பும் நண்பர்களே, ஒப்பாரியும் வேண்டாம், உபசாரமும் வேண்டாம். செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறேன். இவை பெரும்பாலும் என் பிழைகளிலிருந்து நான் கற்றவை.

முதலாவது, நேரம். உள்ளுந்துதல் வரட்டும் என்று காத்திருப்பது ஓய்வுள்ள வர்க்கத்தின் வழக்கம். தச்சன் உந்துதலுக்குக் காத்திருப்பதில்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பக்கம் எழுதுங்கள். மோசமான பக்கமாயினும் எழுதுங்கள். எழுதிய பக்கத்தைத் திருத்தலாம். எழுதாத பக்கத்தை ஆண்டவனாலும் திருத்த முடியாது.

இரண்டாவது, செவி. சட்டைப்பையில் அடங்கும் ஒரு கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியிற் குறித்தாலும் சரி. கொழும்பைப் போல் பல தமிழ் ஒலிக்கும் நகரம் எங்கேயுளது? யாழ்ப்பாணத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், மலையகத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், சிங்களம் கலந்த கொட்டாஞ்சேனைத் தமிழ் ஆகிய யாவும் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்குகின்றன. ஒருவர் வாடகை கேட்கும்போது எவ்வாறு பேசுகிறார், கடன் கேட்கும்போது எவ்வாறு பேசுகிறார் என்று குறித்துவையுங்கள். பேச்சுமொழியை எழுதுவதென்பது சொற்களைச் சிதைத்து எழுதுவதன்று. அதற்கும் ஒலி ஒழுங்கு உண்டு. ஒரு பாத்திரத்துக்கு ஒரு முறையை வரித்துக்கொண்டால் இறுதிவரை அதைக் காக்க வேண்டும். இலக்கணம் கற்பது இதற்குத் தடையன்று, துணை. விதியை அறிந்தவனே அதை எங்கே தளர்த்துவதென்றும் அறிவான்.

மூன்றாவது, கணக்கு. வறுமை என்று எழுதாதீர்கள். எவ்வளவு கூலி, எவ்வளவு வாடகை, மாதக் கடைசியிற் கையில் எவ்வளவு என்று அறிந்து எழுதுங்கள். தையற் தொழிற்சாலைப் பெண்ணைப்பற்றி எழுதுவதானால், அவள் எத்தனை மணிக்கு எழுகிறாள், எந்தப் பொறியில் அமர்கிறாள், ஒருநாள் வராவிட்டால் எவ்வளவு வெட்டுவார்கள் என்று அவளிடமே கேளுங்கள். கேட்கக் கூச்சமாயின் அவளைப்பற்றி எழுதும் உரிமை இன்னும் உங்களுக்கு வரவில்லை.

நான்காவது, பொருள். “எழுத என்ன இருக்கிறது?” என்று கேட்கும் மாணவரைக் கண்டு திகைக்கிறேன். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகள் இன்று மாடிக் குடியிருப்புகளாக நிற்கின்றன. அவற்றின் மின்தூக்கிகளில் ஏறி இறங்குவோருள் அந்த நெருப்பைக் கண்டவரும் உள்ளனர். 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 376 என்பது பத்திரிகையின் எண். அந்த அதிகாலையில் ஒரு மூதாட்டி எந்தப் பையை எடுத்துக்கொண்டாள், எதை மறந்து விட்டுச் சென்றாள் என்பது எழுத்தாளனின் வேலை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. அதன் பின் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் எவ்வாறு முகம் பார்த்துக்கொண்டனர்? இவற்றை எழுத எவருடைய அனுமதி வேண்டும்? உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் கதை வாசலில் நிற்கிறது.

ஐந்தாவது, வாசிப்பு. புதுமைப்பித்தனைப் படியுங்கள், இலங்கையர்கோனை, டானியலை, என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதியைப் படியுங்கள். சிங்கள இலக்கியத்தை அறியாமல் இந்நாட்டில் எழுதுவது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடப்பது போன்றது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ தமிழிற் ‘கிராமப் பிறழ்வு’ என வந்துள்ளது. நூல் வாங்கப் பணமில்லை என்பது உண்மையான தடையே. ஆயினும் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் இலவசமாகத் தருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரித்தவர்கள் நாம் வாசிக்கக் கூடாதென்றே எரித்தனர். வாசிக்காதிருப்பது அவர்களுக்கு உதவி செய்வது.

ஆறாவது, திருத்தம். எழுதியதை இரண்டு கிழமை மூடிவையுங்கள். பின்னர் உரத்து வாசியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியம் பழுது. முதற் பத்தியை நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கதை இரண்டாம் பத்தியிலேதான் தொடங்குகிறது. கண்ணீரை வருணிக்கும் அடைமொழிகளை வெட்டிவிடுங்கள். அந்தத் தாய் ‘சொல்லொணாத் துயரத்தோடு’ பேசவில்லை. கால் கல்லாய்ப் போயிற்று என்றாள், போதும்.

ஏழாவது, கூட்டம். ஐந்து பேர் சேருங்கள். இரண்டு கிழமைக்கொருமுறை ஒரு வீட்டின் விறாந்தையிற் கூடுங்கள். ஒருவர் வாசிக்கட்டும், மற்றையோர் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. ‘நன்று’ என்ற சொல்லையும் ‘தீது’ என்ற சொல்லையும் தடைசெய்யுங்கள். எந்த வரி, ஏன் என்று மட்டும் பேசுங்கள். இக்கூட்டத்துக்குத் தலைவர் வேண்டாம், பொருளாளர் வேண்டாம், பொன்னாடை அறவே வேண்டாம்.

எட்டாவது, அச்சு. முதலிற் பத்திரிகைக்கும் சஞ்சிகைக்கும் அனுப்புங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் காரணம் கேளுங்கள். காரணம் தரும் ஆசிரியர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பத்துக் கதைகள் வெளிவந்து, வாசகரின் ஏச்சையும் பேச்சையும் கேட்ட பிறகு, அவற்றுள் ஏழைத் தெரிந்து நூலாக்குங்கள். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை காகிதமில்லாமல் ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. காகிதம் அருமையான பண்டமாகிவிட்ட நாட்டில், திருத்தப்படாத ஒரு நூலை அச்சிடுவது வீண்செலவு மட்டுமன்று, குற்றம். நூல் போட்டால் சர்வதேசத் தர நூல் எண்ணைத் தேசிய நூலக சபையிற் பெறுங்கள், விலையை அச்சிடுங்கள், வாங்க விரும்புவோரிடம் நீங்களே கொண்டுசென்று விற்றுக் காசு வாங்குங்கள். இலவசப் பிரதி, வாசிக்கப்படாத பிரதி. ஜீவா தெருவில் நின்று விற்றார். அது அவருக்கு இழுக்காகவில்லை.

*

இறுதியாக, என் சக ஆசிரியர்களுக்கு. க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ்மொழியும் இலக்கியமும் என்ற பாடத்துக்கு நாம் மாணவரைத் தயார்படுத்துகிறோம். எதற்குத் தயார்படுத்துகிறோம்? யாரோ எழுதிய கட்டுரையை நினைவிலிருந்து இறக்கிவைப்பதற்கு. பரீட்சை இருக்கும்வரை அந்தக் கடமையும் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிழமைக்கு ஒரு பாடவேளை, புள்ளி இடப்படாத ஒரு பக்கம், தன் வீட்டு மொழியில் எழுத மாணவனுக்கு உரிமை கொடுங்கள். அந்தப் பக்கத்திற் சிவப்பு மை படலாகாது. பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள்: “அதன் பிறகு அம்மா என்ன சொன்னார்?” என் வகுப்புகளில் மூன்று ஆண்டுகளாக இவ்வாறு செய்துவருகிறேன். எல்லோரும் எழுத்தாளராகவில்லை; ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் மனனக் கட்டுரைகள் குறைந்திருக்கின்றன. தகப்பனின் வேலையைச் சொல்ல வெட்கப்பட்ட ஒரு மாணவி, அவர் மீன் வெட்டும் கத்தியைத் தீட்டும் விதத்தை இரண்டு பக்கம் எழுதினாள். கத்தியின் பெயர்கள் எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டு அறிந்துகொண்டேன்.

புடைவைக்கடைத் தாயின் மகன் எங்கே இருக்கிறான் என்று நான் அறியேன். அந்தக் கொப்பியும் பழைய கடதாசிக்காரனிடம் போயிருக்கும். அவன் எழுதியவற்றுள் இரண்டு வாக்கியங்களே என்னிடம் எஞ்சியுள்ளன. அவையும் நான் அழித்தமையால் நினைவில் நின்றவை. அவன் இந்தச் சஞ்சிகையை எங்கேனும் காண நேர்ந்தால், ஒன்று சொல்வேன்: தம்பி, பிழை உன்னுடையதன்று. இன்றிரவு பேனையை எடு. அம்மா உட்கார்ந்த பிறகு என்ன நடந்தது என்று எழுது.